"வேண்டாம்" என்றவர்களுக்கும் சேர்த்து ஒரு நன்றி

இலங்கை மலையகத்தின் ஹட்டன், கொட்டகலை உறவுகளுக்கு வணக்கம்.

தைப்பொங்கல் முடிந்த கையோடு நாங்கள் இரண்டு பேரும் ஹட்டன் வீட்டை விட்டுவிட்டு, கொட்டகலையில் ஓர் அறையும் குசினியும் உள்ள வீட்டுக்கு வந்துவிட்டோம். "ஏன் டீச்சர், கடனா?" என்று சந்தையில் கேட்டவர்களுக்கு: கடனில்லை. பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில். மாடிப்படி என் முழங்காலுக்குப் பகையாகிவிட்டது. பூட்டிக் கிடந்த அறைகளில் ஒவ்வொரு மழைக்காலமும் பூசணம் பிடித்ததைத் துடைப்பதே எனக்கு உத்தியோகமாகிப் போனது. அவ்வளவுதான்.

ஐந்து அறைச் சாமானை ஓர் அறைக்குள் கொண்டுவர எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது. குசினியில் மட்டும் நான்கு அடுப்பு இருந்தது என்றால் நம்புவீர்களா? கேஸ் அடுப்பு முதலிலிருந்தே இருந்தது. 2021 கடைசியில் சிலிண்டர் வெடிக்கிறது என்று செய்தி வரத் தொடங்கியதும் பயந்துபோய் கரண்ட் அடுப்பு வாங்கினோம். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்டை வெட்டினார்கள். மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. பிறகு மண்ணெண்ணெய்க்கும் வரிசை. கடைசியில் அம்மா காலத்து மாதிரி விறகடுப்பு போட்டோம். நாடு பட்ட பாட்டை எங்கள் குசினியைப் பார்த்தே சொல்லிவிடலாம். அவற்றில் மூன்றைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். தையல் மெஷினை எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு ஒரு நன்றி. என் சேலைகளுக்கு இப்போது அவள்தான் ஓரம் அடித்துத் தருகிறாள்.

வாங்கிக்கொண்டவர்களைவிட வேண்டாம் என்று சொன்னவர்களுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். முதல் ஆள் என் தம்பி பெண்சாதி. இன்னும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில்தான் இருக்கிறாள், நான் பிறந்த அதே பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில். ஏழு பேர் அதற்குள் படுத்து எழும்பினோம். மழை இல்லாத இரவுகளில் அப்பா வாசல் திண்ணையான இஸ்தோப்பில் படுப்பார். அவளிடம் போய், "இனிமே எளிமையா வாழப்போறோம்" என்று பெருமையாகச் சொன்னேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துக்கொண்டே சிரித்தாள்.

"மதினி, நாங்க எளிமையா வாழல. எடமில்லாம வாழ்றோம்."

சோபாவைத் தருகிறேன் என்றதற்கு, "எங்க போடுறது, கூரை மேலயா?" என்றாள். பழைய உடுப்பு மூட்டையை அவள் வாங்கவில்லை, என் முன்னாலேயே அவிழ்த்துக் கொட்டினாள். சிப் அறுந்த ஜெர்சி, பொத்தான் இல்லாத சட்டை, கழுத்து நைந்த பனியன் எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்கினாள். "கிழிஞ்சதெல்லாம் தோட்டத்து ஆளுங்களுக்குன்னு யாரு மதினி சொன்னது?"

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்தத் தோட்டத்தில் பிறந்தவள் நான். மூட்டையை வீட்டுக்குத் தூக்கி வந்து துவைத்து, பொத்தான் வைத்து, நல்லதை மட்டும் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். மிச்சத்தைத் தரை துடைக்க வெட்டிவிட்டேன்.

புத்தகங்களைப் பழைய மாணவிகள் நான்கு பேர் வந்து பிரித்துக் கட்டினார்கள். பதினொரு பெட்டி பாடசாலை நூலகத்துக்குப் போனது, நான்கு பெட்டி திரும்பி வந்தது. பாடத்திட்டம் மாறிய பழைய வழிகாட்டி நூல்கள், பிள்ளைகளைக் குழப்பும் என்று நூலகத்தில் சொன்னார்களாம். சரிதான்.

அடுத்தது போத்தல், பேப்பர் வாங்க வரும் அண்ணன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். திரும்பி வந்த அந்த நான்கு பெட்டியோடு அப்பாவின் தகரப் பெட்டியில் இருந்த காகிதங்களையும் அள்ளி அவர் தராசில் வைத்தேன். ஓரமெல்லாம் பூச்சி அரித்து, புகையிலை வாசம் அடித்தது. எடைக்கல்லை வைக்கப் போனவர் கையை எடுத்துவிட்டார்.

"இது வேணாம் டீச்சர். ஐயா பேரு இருக்கு, சீல் இருக்கு. பாத்துட்டுக் குடுங்க."

நடைபாதையிலேயே உட்கார்ந்து பார்த்தோம். அரிசிக் கூப்பன் புத்தகங்கள். சம்பளத் துண்டுகள், வருஷம் வாரியாக நூல் கட்டியவை. 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தாத்தா பிரஜாவுரிமைக்குப் போட்ட விண்ணப்பத்தின் நகல், அது தள்ளுபடியான கடிதம், கடைசியில் அப்பாவுக்குக் கிடைத்த சான்றிதழ். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழியில் பிறந்து, 1948 இல் ஒரு சட்டத்தால் நாடற்றவர்களான சனம் நாங்கள். 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று எண்ணிப் பிரித்தார்கள். யார் எந்தக் கணக்கில் என்பதற்குக் கையில் கடதாசி வேண்டும். அப்பா ஒரு துண்டைக்கூட வீசாமல் வைத்திருந்ததைக் கஞ்சத்தனம் என்று கேலி செய்த மகள் நான்.

பெரியப்பா குடும்பம் 1973 இல் ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறியது. தலைமன்னார் போய் அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல். அந்தக் கோச்சிக்கு சனங்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அம்மி, உரல், ஆடு, கோழி எல்லாம் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு இரண்டு தகரப் பெட்டியோடு போனார்கள். நான் முதன்முதலில் பார்த்த வீடு காலி செய்தல் அதுதான். எளிமை என்ற பேச்சே அங்கே எழவில்லை. பேப்பர் அண்ணனின் சித்தப்பாவும் அதே மாதிரி ஒரு கோச்சியில் போனவராம். அன்று எங்கள் வீட்டில் பிளேன்டி குடித்துக்கொண்டு அவர் சொல்லித்தான் தெரியும். பழைய வழிகாட்டி நூல்களை மட்டும் நிறுத்து எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் காகிதங்கள் 214 பக்கம். எதிர்வீட்டுத் தம்பி, கொம்பியூட்டர் கடையில் வேலை, இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணிப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். காசு வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பிள்ளைகள் மூவருக்கும் அனுப்பியாகிவிட்டது. மூலக் காகிதங்கள் என்னிடமே இருக்கின்றன. வீட்டைக் குறைக்கிறேன் என்று கிளம்பியவள் ஒரு பெட்டியைக் கூட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

சாமான் ஏற்ற வருவதாகச் சொன்ன லொறி அன்றைக்கு வரவில்லை. ஆறு த்ரீவீலரில் ஏற்றி இறக்கிய ஸ்டாண்ட் தம்பிமார் எல்லாருக்கும் நன்றி. கண்ணாடி அலுமாரிக் கதவு உடைந்ததைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். உள்ளே வைக்க ஒன்றுமில்லை.

என் வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. "எல்லாத்தையும் குடு" என்று மூன்று மாதமாகச் சொன்ன மனுஷன், ஆணியும் திருகாணியும் நிறைந்த பால்மா டின் ஒன்றைக் கட்டிலடியில் ஒளித்து வைத்திருப்பது போன வாரம் கூட்டும்போதுதான் தெரிந்தது. எதுக்காவது உதவுமாம். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மழையில் கொழுந்தெடுக்கத் தலையில் போட்டுப் போன கருப்புக் கம்பளியை, மகள் வீசச் சொல்லியும், நான் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேனே.

வீடு பார்க்க வருவதாகப் பலபேர் சொல்லியிருக்கிறீர்கள். வாருங்கள், ஆனால் சேர்ந்து வராதீர்கள். நாற்காலி இரண்டுதான். மூன்றாவது ஆள் அப்பாவின் பெட்டி மேல் உட்காரலாம், தாங்கும். ஒன்றும் கொண்டுவர வேண்டாம். கொண்டுவந்தே தீர்வீர்கள் என்றால் வாழைப்பழம் போதும். டின்னில் அடைத்த பிஸ்கட் மட்டும் வேண்டாம். தின்று முடித்த பிறகு எனக்கு அந்த டின்னை வீச மனம் வராது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
கொட்டகலை