எங்கள் படகில் இரண்டே பேர்: படகு கட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாய்மரப் படகு நிறுவனத்தாருக்கு,

வணக்கம். வின்ச் என்பது பாய்க் கயிற்றை டிரம் என்ற உருளையில் சுற்றி, கைப்பிடியால் இழுக்கும் கருவி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை எந்த அளவில், எந்த இடத்தில் பொருத்துவது என்பதில்தான் பிரச்சினை.

நானும் என் கணவரும் 38 அடிப் படகில் பயணம் போகிறவர்கள். ராத்திரியில் முறை வைத்துத் தூங்குவோம். கணக்குக்கு இரண்டு பேர், ஆனால் பாதி நேரம் மேலே இருப்பது ஒருவர்தான். அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று: தம்பதிகளுக்கான படகு என்று சொல்லி விற்றால், ஒரே ஆள் சுக்கான் பக்கத்திலிருந்தே இழுக்கக்கூடிய வின்ச்சைப் பொருத்திக் கொடுங்கள்.

போன மாதம் ஒரு ராத்திரி, அவர் கீழே தூங்கிக்கொண்டிருந்தார். 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் இருந்த காற்று 20-க்கு ஏறியது. தூரத்தில் ஒரு சரக்குக் கப்பலின் விளக்குகள். அதற்கு வழிவிட, படகைத் திருப்பி முன்பாயை மறுபக்கம் மாற்ற வேண்டும். எங்கள் முன்பாய்க் கயிறுகளுக்கான வின்ச்சுகளை நீங்கள் கேபின் கூரைமேல் வைத்திருக்கிறீர்கள். சுக்கானிலிருந்து எட்டாது. சரி, ஆட்டோபைலட்டை நம்பிவிட்டு முன்னால் ஓடினேன். படகு திரும்பத் தொடங்கியதும் பழைய கயிற்றை அவிழ்த்தால், அது வரவில்லை. டிரம்மில் சுற்றுமேல் சுற்று ஏறிப் பூட்டிக்கொண்டிருந்தது. படகு திரும்பிவிட்டது, பாய் மட்டும் பழைய பக்கத்திலேயே கட்டுண்டு, காற்றைத் தலைகீழாக வாங்கிக்கொண்டு நின்றது. படகும் நின்றது, கப்பலின் வழியிலேயே.

இன்னொரு கயிற்றைக் கட்டி, வேறொரு வின்ச்சால் பாரத்தை வாங்கினால் அந்தப் பூட்டு விடும். தெரியும். தனி ஆளாக, இருட்டில், அதற்கு நேரம் எங்கே? காலால் தளத்தை உதைத்தேன். அவர் கத்தியோடு வந்து கயிற்றை அறுத்தார்.

கயிறு டிரம்முக்குச் சற்றுக் கீழேயிருந்து, 5 டிகிரி அளவு சாய்வில் ஏறி வந்தால் இந்தப் பூட்டு அநேகமாக விழாது. எங்கள் படகில் அது மட்டமாக வருகிறது. வின்ச்சின் அடியில் சரிவான ஒரு கட்டை வைத்திருந்தால் போதும்.

அறுத்த பிறகும் கதை முடியவில்லை. மறுபக்கக் கயிற்றை இழுக்க வேண்டுமே. பாயின் பரப்பைக் காற்றின் வேகத்தால் இரண்டு முறை பெருக்கி, 0.021-ஆல் பெருக்கினால் கயிற்றின் இழுவை ஏறக்குறைய கிலோவில் வந்துவிடும். எங்கள் 40 சதுர மீட்டர் பாய்க்கு 15 நாட்டில் 189 கிலோ. 20 நாட்டில் 336. காற்று கொஞ்சம்தான் ஏறும், பாரம் ஒன்றே முக்கால் மடங்காகும். நீங்கள் கொடுத்தது 30-ஆம் எண் வின்ச். கையின் விசையை அது எத்தனை மடங்காக்கும் என்பதுதான் அந்த எண், அதுவும் 10 அங்குலக் கைப்பிடிக்கான கணக்கு. ஆனால் 10 அங்குலக் கைப்பிடி கேபின் வாசலில் நீங்களே மாட்டிய துணிக் கூண்டில் இடிக்கும் என்பதால் 8 அங்குலம் தந்திருக்கிறீர்கள். அதோடு 30 என்பது 24 ஆகிவிட்டது. உராய்வைச் சேர்க்காமலே என் கைக்கு 14 கிலோ, ஒவ்வொரு சுற்றிலும், குனிந்தபடி. 46-ஆம் எண் வின்ச்சும் முழு நீளக் கைப்பிடியும் இருந்தால் 7 கிலோ சொச்சம்தான். எனக்கு வயது 57. பாதி பாரம் என்பது எனக்கு ஆடம்பரம் இல்லை.

உங்களுக்கு எழுதினோம். படகு ஓடும்போது போதிய ஆட்கள் மேலே இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. உங்கள் விளம்பரப் படங்களைப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒவ்வொன்றிலும் ஆறு பேர் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆறு பேரையும் படகோடு சேர்த்தே அனுப்பியிருந்தால் எங்களுக்குப் புகாரே இருந்திருக்காது. தண்ணீருக்கு அடியில் நீல விளக்கு, கோப்பை வைக்கப் பன்னிரண்டு குழி, எல்லாம் வந்துசேர்ந்தன. ஒரு கோப்பைக்குழிகூட சுக்கானிலிருந்து எட்டாத தூரத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எலெக்ட்ரிக் வின்ச் வாங்கிக்கொள்ளுங்கள் என்பீர்கள். வாங்கலாம். ஆனால் பாய் கிழியப் போகிறதா, விரல் சிக்கியிருக்கிறதா என்று மோட்டாருக்குத் தெரியாது. கையால் சுற்றும்போது தெரிந்துவிடும். பேட்டரி தீர்ந்த ராத்திரியில் மறுபடியும் அதே கைப்பிடிதான். அளவும் இடமும் சரியாக இருக்கட்டும், மோட்டார் அப்புறம்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து அடுத்த படகின் வரைபடத்தில் முன்பாய் வின்ச்சுகளை சுக்கானுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். அளவை ஒரு ஆளின் கையை வைத்துக் கணக்கிடுங்கள். முழு நீளக் கைப்பிடி எதிலும் இடிக்காமல் முழு வட்டம் சுற்றுகிறதா என்று, துணிக் கூண்டையும் மாட்டிவைத்து, ஒரு முறை சுற்றிப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அந்தச் சரிவுக் கட்டையையாவது அனுப்பிவையுங்கள்.

அறுத்த கயிற்றில் அரை மீட்டர் என்னிடம் இருக்கிறது. கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
மேலே தனியாக இருந்தவள்