ராணுவத்துக்கு ஒரு நியாயம், அதிபருக்கு ஒரு நியாயமா? ஆப்பிரிக்க ஒன்றியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத் தலைவர் மஹ்மூத் அலி யூசுஃப் அவர்களுக்கும், அமைதி மற்றும் பாதுகாப்பு மன்றத்தில் அமர்ந்திருக்கும் பதினைந்து நாடுகளின் பிரதிநிதிகளுக்கும் வணக்கம்.

2025 அக்டோபர் 29 அன்று தான்சானியாவில் தேர்தல் நடந்தது. முக்கிய எதிர்க்கட்சியான சடேமாவைப் போட்டியிடவே விடவில்லை. அதன் தலைவர் துண்டு லிசு ஏப்ரல் மாதத்திலிருந்தே தேசத்துரோக வழக்கில் சிறையில் இருந்தார். வாக்குப்பதிவு நாளில் இணையத்தை முடக்கினார்கள். தெருவில் இறங்கியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. நவம்பர் 1 அன்று, அதிபர் சாமியா சுலுஹு ஹசன் ஏறக்குறைய 98 விழுக்காடு வாக்குகளோடு வென்றதாக அறிவித்தார்கள். உடனே ஆணையத் தலைவரின் வாழ்த்துச் செய்தி வந்தது. உயிரிழப்புக்கான வருத்தமும் அதே செய்தியில் இருந்தது. அடுத்த சில நாட்களில், நீங்களே அனுப்பிவைத்த பார்வையாளர் குழுவின் அறிக்கை வெளியானது. ஒருவருக்கே பல வாக்குச்சீட்டுகளைக் கொடுத்துப் பெட்டியை நிரப்பியதைப் பல வாக்குச்சாவடிகளில் பார்த்ததாகவும், இந்தத் தேர்தல் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் நெறிகளுக்கு உட்பட்டதாக இல்லை என்றும் அந்த அறிக்கை சொன்னது.

நேரில் பார்க்க ஆள் அனுப்பிவிட்டு, அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று கேட்பதற்கு முன்பே வாழ்த்துச் சொல்ல அப்படி என்ன அவசரம்? பிள்ளையைப் பறிகொடுத்த தார் எஸ் சலாம் குடும்பங்கள் அந்த வாழ்த்தை எப்படிப் படித்திருப்பார்கள் என்று யாராவது யோசித்தீர்களா?

இதில் உனக்கு என்ன வேலை என்று கேட்கலாம். உங்கள் உறுப்பு நாடான மொரீஷியஸின் ரூபாய்த்தாளில் எங்கள் தமிழ் எழுத்து இருக்கிறது. 2024 நவம்பரில், தொலைபேசி உரையாடல் பதிவுகள் கசிந்தபோது அந்நாட்டு அரசு தேர்தல் முடியும்வரை சமூக ஊடகங்களை முடக்கப் பார்த்தது. எதிர்ப்பு வலுத்ததும் உடனே பின்வாங்கியது. சில நாட்களில் மக்கள் 62 தொகுதி இடங்களில் 60-ஐ எதிரணிக்குக் கொடுத்து ஆட்சியை மாற்றினார்கள். அதைத் தமிழில் பேசி மகிழ்ந்த வீடுகளும் அங்கே உண்டு. அப்படி ஒரு உறவு இல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன். நூற்றைம்பது கோடி மக்களின் வாக்குரிமை பற்றிப் பேச ஒருவருக்குச் சொந்தபந்தம் தேவையில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2007 ஜனவரியில் அடிஸ் அபாபாவில் நீங்கள் ஒரு சாசனத்தை ஏற்றீர்கள். ஜனநாயகம், தேர்தல், ஆட்சிமுறை பற்றிய அந்தச் சாசனம் 2012-இல் நடைமுறைக்கு வந்தது. எவையெல்லாம் சட்டவிரோத ஆட்சி மாற்றம் என்று அதன் 23-ஆவது பிரிவு வரிசையாகச் சொல்கிறது. ராணுவப் புரட்சி, கூலிப்படைகளின் தாக்குதல், ஆயுதக் குழுக்களின் கைப்பற்றல், தோற்ற பிறகும் நாற்காலியை விடாமல் இருப்பது ஆகிய நான்கோடு அது நிற்கவில்லை. ஜனநாயக முறையில் ஆட்சி மாறுவதைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தமும் அதே குற்றம்தான் என்கிறது ஐந்தாவது வரி. வேறு யாரும் உங்கள் மேல் சுமத்திய வரி இல்லை, நீங்களே எழுதியது.

முதல் வரியை நீங்கள் ஒழுங்காகத்தான் காப்பாற்றுகிறீர்கள். மாலி, கினி, சூடான், புர்கினா ஃபாசோ, நைஜர், காபோன், 2025-இல் மடகாஸ்கர், கினி-பிசாவ் என்று ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாடுகளை இடைநீக்கம் செய்தீர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாடில் 2021 ஏப்ரலில் அதிபர் இத்ரிஸ் தேபி இறந்ததும் அரசியலமைப்பை ஓரங்கட்டிவிட்டு அவர் மகன் ராணுவக் குழுவோடு ஆட்சியில் அமர்ந்தார். அப்போது மட்டும் கை ஓங்கவில்லை. அந்த மகன் 2025 அக்டோபரில் பதவிக் கால வரம்பையே நீக்கிவிட்டார்.

ஐந்தாவது வரியின் கதி இன்னும் மோசம். கேமரூனில் பால் பியா 1982 முதல் அதிபர். சாசனம் ஏற்கப்பட்ட மறு ஆண்டே, 2008-இல், பதவிக் கால வரம்பை எடுத்துவிட்டார். 2025-இல் 92 வயதில் எட்டாவது முறையாக வென்றதாக அறிவித்தார்கள். இந்தப் பதவிக் காலம் முடியும்போது அவருக்கு 99 வயது. கேமரூனில் இன்று வாழ்பவர்களில் பெரும்பாலோர் வேறு ஒரு அதிபரைப் பார்த்ததே கிடையாது. உகாண்டாவின் முசெவேனி 2005-இல் கால வரம்பையும் 2017-இல் வயது வரம்பையும் நீக்கினார். டோகோவில் 1967-இலிருந்து தகப்பனும் மகனுமாக ஆள்கிறார்கள். அங்கே 2024-இல் அதிபர் பதவியை வெறும் அலங்காரமாக்கிவிட்டு, அதிகாரம் முழுவதையும் வேறொரு பதவிக்கு மாற்றி, அதே மகன் அதில் போய் உட்கார்ந்துகொண்டார். மக்களின் நேரடி வாக்கும் வேண்டாம், கால வரம்பும் வேண்டாம். இவர்களில் ஒருவரையாவது உங்கள் மன்றம் இந்தப் பிரிவின் கீழ் அழைத்து விசாரித்ததா?

இந்த மௌனத்துக்கு என்ன விலை என்பதைக் கினியில் பார்க்கலாம். ஆல்ஃபா கொண்டே வாழ்நாளெல்லாம் எதிர்க்கட்சியில் போராடி, சிறைக்கும் போய், 2010-இல் தேர்தலில் வென்றவர். மக்கள் அவரை எவ்வளவு நம்பினார்கள்! அவரே 2020 மார்ச்சில் புது அரசியலமைப்புக்கு வாக்கெடுப்பு நடத்தி, அக்டோபரில் மூன்றாவது முறையும் அதிபரானார். எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களைச் சுட்டார்கள். அதற்காக ஒன்றியம் கினியை இடைநீக்கம் செய்யவில்லை. 2021 செப்டம்பர் 5 அன்று சிறப்புப் படைத் தளபதி மமாடி தும்பூயா அவரைப் பிடித்தார். பொத்தான் திறந்த சட்டையும் ஜீன்ஸுமாக, வெறுங்காலுடன், சோபாவில் கொண்டே உட்கார்ந்திருக்க, சுற்றிலும் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்ற படம் உலகம் முழுக்கப் போனது. தலைநகர் கொனாக்ரியில் ஜனங்கள் தெருவுக்கு வந்து கொண்டாடினார்கள். ஐந்தே நாளில் நீங்கள் கினியை இடைநீக்கம் செய்தீர்கள். 2020 மார்ச்சிலேயே அதில் பாதிக் கண்டிப்பையாவது காட்டியிருந்தால் அந்தச் சிப்பாய்க்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைத்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் நடந்ததும் தெரியும். இடைக்கால ஆட்சியில் இருப்பவர்கள் தேர்தலில் நிற்கக் கூடாது என்று தும்பூயாவின் சொந்த இடைக்காலச் சாசனமே சொன்னது. 2025 செப்டம்பரில் வந்த புது அரசியலமைப்பில் அந்தத் தடை காணாமல் போயிற்று. டிசம்பரில் அவரே நின்று அவரே வென்றார். காபோனில் ஆட்சியைக் கவிழ்த்த ராணுவத் தளபதி ஒலிகி இங்குவேமா அதற்கு முன்பே, ஏப்ரலில், 94 விழுக்காட்டுக்கும் மேல் வாங்கி வென்றார். அந்த மாதமே நீங்கள் காபோனின் இடைநீக்கத்தை நீக்கிவிட்டீர்கள். ஆட்சியைக் கவிழ்த்தவர், ஜனநாயகத்தை மீட்க நடக்கும் தேர்தலில் போட்டியிடக் கூடாது என்று உங்கள் சாசனத்தின் 25-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறதே! எகிப்தும் இந்த வழியில் வந்ததுதான். 2013-இல் இடைநீக்கம், 2014-இல் மறுபடி உள்ளே, 2019-இல் ஆட்சியைக் கவிழ்த்த தளபதி சிசியே ஒன்றியத்தின் தலைவர். துப்பாக்கியோடு வந்து ஒரு தேர்தலும் நடத்திவிட்டால் போதும் என்றுதான் ஒவ்வொரு படைமுகாமிலும் பாடம் படித்திருப்பார்கள்.

சிப்பாய்கள் வந்தால் விடிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மாலியில் எல்லாக் கட்சிகளையும் கலைத்துவிட்டு, தேர்தலே இல்லாமல் ராணுவ ஆட்சியாளர் கோய்டாவுக்கு ஐந்தாண்டு பதவி கொடுத்தார்கள். புர்கினா ஃபாசோவில் தேர்தல் ஆணையமே இல்லை. நைஜரில் 2023 ஜூலையில் கவிழ்க்கப்பட்ட அதிபர் பசூமை இரண்டு ஆண்டுகள் கடந்தும் விடவில்லை. ஆப்பிரிக்க மக்களின் கருத்தைக் கேட்டறியும் ஆஃப்ரோபாரோமீட்டர் அமைப்பு 39 நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பில் 66 விழுக்காட்டினர் ஜனநாயகமே வேண்டும் என்றார்கள். அதே கணக்கெடுப்பில் 53 விழுக்காட்டினர், தேர்ந்தெடுத்த தலைவர்கள் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் ராணுவம் வருவதையும் ஏற்போம் என்றார்கள். ஜனநாயகம் சலித்துப்போனவர்களின் பேச்சு இல்லை இது. முறையிட வேறு இடம் இல்லாதவர்களின் பேச்சு. அந்த இடமாக நீங்கள் இருந்திருக்க வேண்டும்.

மக்கள் தங்கள் பங்கைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றான மலாவியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 தேர்தலில் வாக்கு எண்ணிக்கைத் தாள்களில் வெள்ளை மை பூசி எண்களை மாற்றியிருந்தார்கள். நம் அலுவலகங்களில் எழுத்துப் பிழை திருத்துவோமே, அந்த ஒயிட்னர்தான். மக்கள் மாதக்கணக்கில் தெருவில் நின்றார்கள். 2020 பிப்ரவரி 3 அன்று ஐந்து நீதிபதிகள் குண்டு துளைக்காத கவச உடை அணிந்து, ராணுவப் பாதுகாப்போடு நீதிமன்றம் வந்து, சுமார் பத்து மணி நேரம் தீர்ப்பை வாசித்து, தேர்தலை ரத்து செய்தார்கள். மறுதேர்தலில் லாசரஸ் சக்வேரா அதிபரானார். 2025 செப்டம்பரில், விலைவாசியும் எரிபொருள் தட்டுப்பாடும் தாங்காமல் மக்கள் அவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். தோல்வியை ஒப்புக்கொண்டு போனார். அவர்கள் திரும்ப அழைத்து வந்தது, ஒயிட்னர் தேர்தலில் வென்றதாகச் சொல்லப்பட்ட அதே பீட்டர் முதாரிகாவை. எனக்கு அது பிடிக்கிறதா இல்லையா என்பது முக்கியமில்லை. முடிவு அவர்களுடையது.

போட்ஸ்வானாவில் 58 ஆண்டு ஆண்ட கட்சி 2024-இல் ஒரே தேர்தலில் ஆட்சியை விட்டு இறங்கியது. செனகலில் தள்ளிப்போட்ட தேர்தலை அரசியலமைப்பு மன்றம் மீட்டுக் கொடுத்தது. வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் முன்பு சிறையிலிருந்து வெளியே வந்த பாசிரு ஜோமாய் ஃபாய் முதல் சுற்றிலேயே வென்றார். ஏழை நாடு, படிப்பறிவு போதாது, இனச் சண்டை என்று சாக்குச் சொல்பவர்களுக்கு இந்த ஊர்களின் வாக்காளர்களே பதில் சொல்லிவிட்டார்கள்.

பார்வையாளர் குழுவின் அறிக்கை வரும்வரை எந்த வெற்றியாளருக்கும் வாழ்த்துச் சொல்லாதீர்கள். ஆட்சியைக் கவிழ்த்தவர் தேர்தலில் நின்றால் இடைநீக்கத்தை நீக்காதீர்கள். சில நாடுகள் சாசனத்தை இன்னும் உறுதிசெய்யவில்லை என்ற விளக்கமும் வேண்டாம். ஒன்றியத்தின் அமைப்புச் சட்டமே 4-ஆவது பிரிவில் சட்டவிரோத ஆட்சி மாற்றத்தை நிராகரிக்கிறது, அது எல்லோருக்கும் பொருந்தும்.

ஐந்தாவது வரியைப் பயன்படுத்த வேண்டிய இடம் இப்போது ஜிம்பாப்வே. அதிபர் எமர்சன் முனங்காக்வாவின் பதவிக் காலம் 2028-இல் முடிய வேண்டும். 2025 அக்டோபர் மாநாட்டில் ஆளுங்கட்சி அதை 2030 வரை நீட்டிக்கத் தீர்மானம் போட்டது. கால வரம்பை நீட்டித்தாலும் அப்போது பதவியில் இருப்பவருக்கு அது பொருந்தாது என்று அந்நாட்டின் 2013 அரசியலமைப்பே சொல்கிறது. 2017-இல் அப்போதைய அதிபர் முகாபேயை ராணுவம் இறக்கியபோது நீங்கள் கடைசியில் கண்டும் காணாமல் விட்டதில் வந்தவர்தான் முனங்காக்வா. ஜிம்பாப்வேயை மன்றத்தின் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். அந்நாட்டு அரசின் பிரதிநிதியை அழைத்து, 23-ஆவது பிரிவின் ஐந்தாவது வரியை அவர் முன்னால் வாசித்து, இதற்கு உங்கள் பதில் என்ன என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாக்காளர்