இரண்டு நூல் என்றால் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் படித்து முடித்தவர்களுக்கான வேலைவாய்ப்புகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையில், கண்டுபிடிப்பாளர்களுக்காகக் காப்புரிமை (பேட்டன்ட்) விண்ணப்பங்களை எழுதித் தாக்கல் செய்யும் காப்புரிமை முகவர் பணியும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருந்ததைப் படித்து மகிழ்ந்தேன். இந்தியக் குடியுரிமை, 21 வயது நிறைவு, அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் ஒரு பட்டம், காப்புரிமை அலுவலகம் நடத்தும் தேர்வில் தேர்ச்சி என்று 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு கேட்கும் தகுதிகளை அக்கட்டுரை சரியாகவே சொல்லியிருந்தது. ஆனால், கணினியும் ஆங்கிலமும் கைவசம் இருந்தால் வீட்டிலிருந்தே பார்த்துவிடக்கூடிய வேலை இது என்று கட்டுரையாளர் முடித்திருந்த வரியோடு எனக்கு உடன்பாடில்லை. கோயம்புத்தூரில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக இத்தொழிலைச் செய்து வருபவன், மாலை வேளைகளில் வீட்டுக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டகையில் லேத் என்னும் பழைய கடைசல் இயந்திரம் ஒன்றோடு மல்லுக்கட்டுபவன் என்ற முறையில், அந்த ஒரு வரிக்கு மறுப்பாகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பட்டறைக்காரர், கடலைக்காய் உடைக்கும் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். காயை அடித்து உடைக்கும் உருளைக்கும் அதற்குக் கீழேயுள்ள சல்லடைக்கும் நடுவிலான இடைவெளி, காய் விழுகிற பக்கத்தில் அகலமாகவும் பருப்பு வெளியேறுகிற பக்கத்தில் குறுகலாகவும் இருக்கும்படி அவர் அமைத்திருந்தார். பெருங்காய் வந்தவுடனே உடைந்துவிடும், சிறுகாய் நகர்ந்துபோய்க் குறுகலான இடத்தில் உடையும், பருப்பும் நொறுங்காது என்பதுதான் அதன் சூட்சுமம். "இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ரெண்டு நூலு வித்தியாசமுங்க தம்பி" என்று விரலை வைத்துக் காட்டினார்.

திருப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்கு நூல் என்றால் பனியன் கம்பெனிக்குக் கோனில் வந்து இறங்குகிற நூல்தான். அதை அப்படியே ஆங்கிலத்தில் இழைக்குரிய ‘த்ரெட்’ என்ற சொல்லாகப் போட்டு வரைவை எழுதி முடித்தேன். இயந்திரத் தொழிலில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மரை (திருகின் புரி) என்று பொருள் ஆகையால், அவருடைய இயந்திரத்தில் இல்லவே இல்லாத ஒரு மரை என் வரைவில் முளைத்துவிட்டது. என் சீனியர் அதைச் சிவப்பு மையில் சுழித்து, "போய் மெஷினைப் பார்த்துட்டு வா" என்று மட்டும் சொன்னார். நான் போகவில்லை. தொலைபேசியில் விசாரித்து, பட்டறைப் பேச்சில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்று தெரிந்துகொண்டு, இரண்டு நூலை 6.35 மில்லிமீட்டர் என்று துல்லியமாகக் கணக்குப் போட்டு எழுதிவிட்டதில் பெருமை வேறு பட்டுக்கொண்டேன்.

முதல் பிழையைவிட இந்தத் திருத்தம்தான் பெரிய பிழை. காப்புரிமை ஆவணத்தின் கடைசியில் வரும் உரிமைக்கோரல்கள், நிலப் பத்திரத்தில் எழுதும் செக்குபந்தியைப் போன்றவை; அங்கே எழுதிய எல்லைக்கு உள்ளே வருவதுதான் உரிமையாளருக்குச் சொந்தம். காப்புரிமை கிடைத்தது உண்மைதான். ஆனால் அடுத்த ஓராண்டுக்குள் வேறொரு பட்டறையில் அதே இயந்திரத்தை மூன்று நூல் வித்தியாசத்தில் செய்து விற்கத் தொடங்கியபோது, நான் எழுதிய எல்லைக்கு வெளியே அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அப்போதுதான் நான் முதன்முதலாக அவருடைய பட்டறைக்குப் போனேன். சல்லடையைத் தாங்கும் போல்ட்டுகளில் ஸ்பேனரைப் போட்டு இடைவெளியைக் கூட்டிக் குறைத்துக் காட்டியபடியே, "ரெண்டு நூலுங்கறது அன்னைக்கு இருந்த கடலைக்குங்க தம்பி, பெருங்காயா வந்தா மூணு வைக்கோணுமுங்க" என்று அவர் சொன்னார். அந்த ஸ்பேனரை விண்ணப்பம் எழுதுவதற்கு முன் நான் பார்த்திருந்தால், எண் எதையும் போடாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் படிப்படியாகக் குறுகும் இடைவெளி, அதைக் கூட்டிக் குறைக்க ஓர் அமைப்பு என்று எழுதியிருப்பேன். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை; அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

அந்த ஆண்டுதான் உக்கடத்தில் பழைய இரும்புக் கடை ஒன்றிலிருந்து நாலரை அடி லேத் ஒன்றை வாங்கிப் போட்டேன். வீட்டில் கிடைத்த வரவேற்பைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை. முதலில் செய்த வேலை ஒரு பித்தளை புஷ், அதாவது ஷாஃப்ட் என்னும் சுழல்தண்டைத் தாங்கும் வளையம். உட்துளையை ஷாஃப்ட்டின் அளவுக்குச் சரியாகக் கடைந்து, போட்டுப் பார்த்தால் வழுக்கிக்கொண்டு போயிற்று. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஷாஃப்ட் அசையவில்லை. கடைந்த சூட்டில் விரிந்திருந்த துளை ஆறியதும் சுருங்கியிருந்தது. பொருத்தப்பட்டது என்ற ஒற்றைச் சொல்லை அதுவரை நூறு விண்ணப்பங்களில் கூசாமல் எழுதியிருக்கிறேன். தடையின்றிச் சுழலும்படி பொருத்தியதா, கையால் தள்ளினால் நகரும்படி பொருத்தியதா, அடித்து இறக்கியதா என்று கேட்காமல் இப்போது அந்தச் சொல்லை எழுத என் கை வருவதில்லை.

கொங்கு நாட்டில் காயில், அதாவது உள்ளே சுற்றிய கம்பிச்சுருள், கருகிப்போன மோட்டார் இல்லாத கோடை உண்டா? 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு மில்களும் கிணற்று மோட்டார்களும் பெருகிய ஊர் இது. இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டாரோடு ஜி.டி.நாயுடுவின் பெயர் சேர்த்துச் சொல்லப்படுகிற ஊர். எங்கள் வீட்டு அரைக் குதிரைத்திறன் மோட்டார் புகைந்தபோது, கடைக்குக் கொடுக்காமல் நானே பிரித்தேன். கருகிய கம்பியை வெட்டி எடுத்து, ஒவ்வொரு காயிலின் சுற்றுகளையும் எண்ணிக் குறித்து, கம்பி உட்காரும் காடிகளுக்குக் காப்புத்தாள் செருகி, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து சுற்றி முடித்துச் சுவிட்சைப் போட்டால் மோட்டார் ரீங்கரித்ததே தவிரச் சுழலவில்லை. ஸ்டார்ட்டிங் காயிலின் ஒரு முனையை நான் இணைக்காமல் விட்டிருந்ததைப் பக்கத்துத் தெரு ரீவைண்டிங் கடைப் பையன் பார்த்த மாத்திரத்தில் சொன்னான்.

வேடிக்கையாகத் தோன்றும் இந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பயன் உண்டு. நீர்மூழ்கி மோட்டார் ஒன்றுக்கான விண்ணப்பத்தில் என் உதவியாளர், காயில்களுக்கு வார்னிஷ் பூசி உலர்த்துவதாக எழுதியிருந்தார். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். ஆனால் அது உள்ளே தண்ணீர் நிரப்பி ஓட்டும் வகை மோட்டார். அதில் வார்னிஷ் வேலையே கிடையாது, பிளாஸ்டிக் உறை சுற்றிய கம்பியைத்தான் பயன்படுத்துவார்கள். செய்முறையை முழுமையாகவும், விண்ணப்பதாரருக்குத் தெரிந்த மிகச் சிறந்த முறையிலும் விவரிக்க வேண்டும் என்பது சட்டத்தின் 10-ஆம் பிரிவு. விண்ணப்பித்த பிறகு புதிய செய்தி எதையும் திருத்தமாக உள்ளே நுழைக்க 59-ஆம் பிரிவு இடம் தராது. அந்தப் பிழை அப்படியே போயிருந்தால், பின்னாளில் காப்புரிமையையே எதிர்ப்பதற்கு எதிர்த்தரப்புக்கு நாமே காரணம் எழுதிக் கொடுத்ததாகியிருக்கும்.

நம் பகுதி இயந்திர விண்ணப்பங்களில் பலவற்றுக்கு, தெரிந்த பாகங்களை மாற்றி அடுக்கியதுதானே என்று 3(எஃப்) பிரிவின்கீழ் ஆட்சேபம் வரும். பாகங்கள் தனித்தனியே தத்தம் பழைய வேலையைச் செய்யவில்லை, ஒன்றின் இயக்கம் மற்றொன்றின் இயக்கத்தை மாற்றுகிறது என்று காட்டுவதே அதற்கு விடை. அதைக் காட்டத் தீர்ப்புகளை அடுக்கினால் மட்டும் போதாது. இடைவெளியைக் குறைத்தால் உருளையின் வேகத்தை ஏன் குறைக்க வேண்டியிருக்கிறது என்பது, இயந்திரத்தின் முன் நின்று கையில் பருப்பை அள்ளிப் பார்த்தவருக்குத்தான் எழுத வரும்.

காப்புரிமைத் தொழிலுக்கும் கைவேலைக்கும் உள்ள உறவு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. இன்று தெருவுக்குத் தெரு இருக்கும் ஜெராக்ஸ் கடைகளுக்கு மூலகாரணமான செஸ்டர் கார்ல்சன், நியூயார்க்கில் ஒரு மின்பொருள் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தவர். ஆவணங்களுக்குப் படி எடுத்துப் படி எடுத்துச் சலித்துப்போய், வீட்டுச் சமையலறையில் சோதனைகளைத் தொடங்கினார். 1938 அக்டோபர் 22 அன்று அதே நகரின் அஸ்டோரியா பகுதியில் ஒரு சிறு அறையில், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கொண்டு முதல் பிரதியை எடுத்தார். 1942-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. என் கொட்டகையிலிருந்து அப்படி ஏதும் புறப்படப் போவதில்லை என்பதை என் மனைவி முதலிலேயே சொல்லிவிட்டார்.

இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. கட்சிக்காரர் நம்பிச் சொன்ன அமைப்பை என் கொட்டகையில் செய்து பார்ப்பதில்லை என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட விதி. நான் செய்து பார்ப்பவை பெரும்பாலும் காலாவதியான காப்புரிமைகள். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் முடிந்தாலோ, ஆண்டுக் கட்டணம் கட்டாமல் காலாவதியானாலோ அவற்றை யாரும் செய்யலாம். வெளிநாட்டில் மட்டும் பெற்று இந்தியாவில் பெறாத காப்புரிமை இங்கே செல்லுபடியாகாது. உயிரோடிருக்கும் காப்புரிமையையும்கூட, வெறும் சோதனைக்காகவோ மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காகவோ செய்து பார்க்க 47-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. இந்த ஆவணங்கள் வரைபடங்களோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன என்பது நம் தொழிற்கல்லூரி மாணவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லப்படுகிறது?

கைவேலையால் விளையும் இன்னொரு நன்மையையும் சொல்லியாக வேண்டும். ஒரு பல்சக்கரம் வெட்டவோ ஒரு வார்ப்படத்துக்காகவோ ஆவாரம்பாளையம், கணபதி பகுதிப் பட்டறைகளுக்கு நான் போய் நிற்கும்போது, புதிதாக ஏதாவது மேசைமேல் கிடக்கும். கேட்டால், கொடிசியா தொழிற்கண்காட்சிக்கு ரெடி பண்ணுவதாகப் பதில் வரும். கண்காட்சியில் வைத்துவிட்டுப் பிறகு காப்புரிமைக்கு வருபவர்களிடம், ஏற்கெனவே வெளியே காட்டிவிட்டதால் புதுமை போய்விட்டது, இனிக் காப்புரிமை கிடைக்காது என்று சொல்ல நேர்வதைப் போல வருத்தமான வேலை எங்கள் தொழிலில் வேறில்லை. மத்திய அரசு அதற்கென அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டுமே 12 மாத விலக்கு உண்டு. மற்றவற்றுக்கு அது பொருந்தாது. முதலில் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைத் தாக்கல் செய்துவிட்டு, முழு விவரத்தைத் தருவதற்கு 12 மாதம் அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். தனிநபர் இணையவழியில் தாக்கல் செய்ய அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். இதைப் பட்டறையில் டீ குடிக்கும்போது சொன்னால் காதில் ஏறுகிறது. அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால், கண்காட்சி முடிந்த மறுநாள்தான் அவர்கள் நம்மைத் தேடி வருவார்கள்.

விண்ணப்பங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும் என்பது விதி. தன் கையால் செய்த இயந்திரத்தைப் பற்றித் தன்னால் படிக்க முடியாத ஓர் ஆவணத்தில், முகவரை நம்பிக் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் நம் பகுதியில் மிகுதி. ஆகவே உரிமைக்கோரல்களைத் தமிழில், அவர்களுடைய பட்டறைச் சொற்களிலேயே படித்துக் காட்டிய பிறகுதான் நான் கையெழுத்து வாங்குகிறேன். நூல், மரை, காயில் என்பவற்றை இங்கு எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரியாதவரால் அதைச் செய்ய முடியாது; எந்தத் தேர்வுத் தாளும் அதைக் கேட்பதுமில்லை.

ஆகவே, இத்தேர்வுக்கான அடுத்த அறிவிப்பைத் தங்கள் கல்விப் பக்கத்தில் வெளியிடும்போது, வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம் என்ற வரியை நீக்கிவிட்டு, தேர்வுக்குப் படிக்கிற காலத்திலேயே ஆறு மாதம் ஏதேனும் ஒரு பட்டறையில் நின்று வேலை பழகுவது நல்லது என்று சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடலைக்காய் இயந்திரக்காரர் சென்ற ஆண்டு வேறோர் இயந்திரத்தோடு மறுபடியும் வந்தார். இம்முறை வரைவை எழுதுவதற்கு முன் இரண்டு நாள் அவருடைய பட்டறையில் இருந்தேன். முடிவில் படித்துக் காட்டியபோது, பேனாவை மூடி வைத்துக்கொண்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நூலுக் கணக்கு எங்கயும் போடலீங்களே தம்பி?"

இங்ஙனம்,
காப்புரிமை முகவர் ஒருவர்,
கோயம்புத்தூர்.