படம் முடிந்ததும் ரஷ்ஷை அழிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

சென்ற ஞாயிறு இதழில் நம்மூர்க் குறும்படங்கள் பற்றி எழுதியவர், கமெரா வேலை பரவாயில்லை, எடிற்றிங்தான் காலை வாருகிறது என்று குறைப்பட்டிருந்தார். சரிதான். பண்ணைப் பாலத்தில் சூரியன் மறையாமல் முடிந்த யாழ்ப்பாணக் குறும்படம் ஒன்றை நானும் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் பெடியளைப் பிழை சொல்ல முதல், அவர்கள் எதை வெட்டிப் பழகுகிறார்கள் என்று யாராவது கேட்டோமா? ரஷ் என்கிற, வெட்டாத மூலப்பதிவு அவர்கள் கைக்கு வருகிறதா?

நான் கொக்குவிலில் 25 வருடமாகக் கலியாண வீடியோ வெட்டுகிறவன். என் அக்காவின் மகனுக்கும் இந்தப் பைத்தியம் பிடித்திருக்கிறது. டாவின்சி ரிசோல்வ் என்ற எடிற்றிங் மென்பொருளின் இலவசப் பதிப்பை இறக்கி, யூரியூப் பார்த்தே எல்லாப் பொத்தானும் பழகிவிட்டான். போன வருடம் அவன் எடுத்த படத்தில் நல்லூர்க் கோபுரம் விடியற்காலையில் 38 விநாடி நிற்கிறது. நாலு விநாடி போதும் என்றேன். “மாமா, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் ஏறி நின்று எடுத்தது, தெரியுமோ?” என்றான். பார்க்கிறவனுக்குத் தண்ணீர்த் தாங்கி தெரியாதே! தான் எடுத்ததைத் தானே வெட்டுகிறவனுக்கு உள்ள கஷ்டம் இது. ஒவ்வொரு ஷொட்டிலும் அவன் பட்ட பாடு ஒட்டிக்கொண்டிருக்கும், கை போகாது.

தொழில்முறையாக எடுத்த மூலக்காட்சிகளைப் பயிற்சிக்கென்றே விற்கிற தளங்கள் வெளிநாட்டில் இருக்கின்றன. கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் பிள்ளை ஒன்று காசு கட்டி, ஒரேயொரு காட்சியின் ரஷ்ஷை வாங்கித் தந்தது. சமையலறை மேசையில் ஒரு தாயும் மகனும், மகன் வீட்டை விட்டுப் போகப்போகிறான், அவ்வளவுதான். எழுத்தில் இரண்டு நிமிடம். வந்தது 47 நிமிடம். இருவரையும் சேர்த்து அகலமாக மூன்று டேக், பிறகு ஒவ்வொருவர் தோளுக்கு மேலாலும் ஐந்து டேக். எல்லாவற்றிலும் கிளாப், இலக்கம். ஆட்கள் பேசாத வெறும் அறையின் சத்தத்தைக்கூடத் தனியாக அரை நிமிடம் பதிந்து வைத்திருந்தார்கள். வசனங்களுக்கு நடுவில் ஒட்டுப்போடத்தான். நம்மவர் படங்களில் ஆள் மாறும்போதெல்லாம் மின்விசிறிச் சத்தமும் ஏறி இறங்குவது ஏன் என்று அன்றைக்குத்தான் அக்காவின் மகனுக்கு விளங்கியது.

முதல் வெட்டில், யார் வாய் திறக்கிறாரோ அவர் முகத்தைப் போட்டான். செய்தி வாசிப்புப் போல இருந்தது. அடுத்த தலையிடி கோப்பை: அகல ஷொட்டில் தாயின் வலது கையில், கிட்டத்து ஷொட்டில் இடது கையில். அதோடு அரை நாள் மல்லுக்கட்டினான். “அந்த இடத்தில் மகனைக் காட்டு, திரும்பி வரும்போது எந்தக் கை என்று யார் பார்க்கப்போகிறார்கள்?” என்றேன். நான் சொல்லிக்கொடுத்தது அவ்வளவும்தான். மூன்றாம் நாள் அவன் தானாக ஒன்றைக் கண்டுபிடித்தான். நாலாவது டேக்கில் கிளாப் அடித்த பிறகு, இயக்குநர் தொடங்கச் சொல்ல முதல் ஐந்தாறு விநாடி கிடக்கிறது. நடிகை இன்னும் நடிக்கத் தொடங்கவில்லை. சும்மா கோப்பை விளிம்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டு இருக்கிறா. அதை வெட்டி எடுத்து, மகன் போகிறேன் என்று சொன்ன உடனே வைத்தான். எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது.

இது புது வழியல்ல. 1919இல் மொஸ்கோவில் திரைப்படப் பள்ளி தொடங்கிய காலத்தில் புதுப் பிலிமுக்குத் தட்டுப்பாடு. அங்கே படிப்பித்த இயக்குநர் குலெஷோவின் மாணவர்கள், அமெரிக்க இயக்குநர் கிரிஃபித்தின் படச்சுருளை வெட்டியும் மாற்றி ஒட்டியும் பழகினார்கள் என்பார்கள். தொண்ணூறுகளில் மின்சாரமில்லாமல் ஜெனரேற்றரில் வீடியோ டெக் ஓட்டிப் படம் பார்த்த நமக்கு அந்தப் பாடு தெரியும். அமெரிக்காவில் 1955 தொடக்கம் 1975 வரை ஓடிய ‘கன்ஸ்மோக்’ தொலைக்காட்சித் தொடரின் ரஷ்ஷை, தொடர் முடிந்து வெகுகாலத்துக்குப் பிறகும் அங்கத்தைய மாணவர்கள் வெட்டிப் பழகினார்கள்.

நம்மிடமோ படம் வெளிவந்த மறுநாளே ரஷ் அழிந்துவிடும். ஹாட் டிஸ்க் விற்கிற விலையில் குறை சொல்லவும் முடியாது. நானும் செய்திருக்கிறேன். மினி டிவி (Mini DV) என்ற கமெராக் கசெற் காலத்தில் ஒரு கலியாண வீட்டில், மணமகளின் அம்மம்மா ஆசீர்வதிக்கும் இடம் கமெரா ஆடிவிட்டது என்று தூக்கிவிட்டேன். மூன்று மாதத்தில் அவ காலமாகிவிட்டா. அந்தத் துண்டைக் கேட்டு வந்தார்கள். கசெற்றில் வேறொருவர் வீட்டுப் பூப்புனித நீராட்டு விழா இருந்தது.

ஆகவே இங்கே படம் எடுக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். படத்துக்கு ஒரு காட்சியின் ரஷ்ஷையாவது, பிழைபோன டேக்குகளோடும் வசனத்தாளோடும், கொடுங்கள். நடித்தவர்களிடம் பயிற்சிக்கு மட்டும் என்று எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டால் பிறகு சண்டை வராது. யாழ். பொது நூலகத்தில் ஒரு டிஸ்க்கில் வைத்தால், பெடியள் தங்கள் டிஸ்க்கைக் கொண்டுவந்து பதிந்துகொண்டு போவார்கள். இத்தனை ஜிபியைத் தரவிறக்கக் காசு கட்டத் தேவையில்லை. பழைய கணினிக்காரருக்காகச் சிறிய அளவுப் பிரதி ஒன்றும் சேர்த்து வைக்கவேண்டும். 2015இல் இங்கே தொடங்கிய சர்வதேசத் திரைப்பட விழாவை நடத்துகிறவர்கள் மனம் வைத்தால், ஒரே காட்சியை ஐந்து பேர் வெட்டி அடுத்தடுத்துப் போட்டுக் காட்டலாம். நான் முதல் வரிசையில் இருப்பேன்.

என்னிடமும் ஒரு கலியாண வீட்டு ரஷ் இருக்கிறது, வீட்டுக்காரரும் சம்மதித்துவிட்டார்கள். மூன்று கமெரா, ஆறு மணித்தியாலம். தாலி கட்டும்போது ஐயர் ஒரு கமெராவை முழுதாக மறைத்துக்கொண்டு நிற்கிறார், இன்னொன்றில் சத்தமே இல்லை. நூலகத்தார் சொன்னால் அப்படியே கொண்டுவந்து தருகிறேன்.

கலியாண வீடியோ எடிற்றர் ஒருவர்,
கொக்குவில்.