கால் உடைந்து கிடந்தபோது கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு நன்றி சொல்லி மாளாது, அதனால் பொதுவாகவே எழுதிவிடுகிறேன்.

திருப்பத்தூர் ரோட்டில் நாய் குறுக்கே பாய்ந்து ஸ்கூட்டியோடு நான் விழுந்தபோது, போலீஸ் கேஸாகிவிடும் என்று நாலு பேர் தள்ளியே நின்றார்கள். டீக்கடை அண்ணன்தான் ஓடிவந்து 108-க்குப் போன் போட்டு, வண்டி வரும்வரை யாரும் காலைப் பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொண்டார். (உதவுகிறவர் மேல் வழக்கு வராது என்று 2019-லேயே மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், பேர்கூடச் சொல்ல வேண்டாம் என்று 2020-ல் விதியும் வந்துவிட்டது.) அண்ணே, ரொம்ப நன்றி.

முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் ராடு வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எலும்பு சேரும், சரி. அதுவரை எப்படிக் காலம் தள்ளுவது என்று ஆஸ்பத்திரியில் ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் குத்தவைத்து உட்காரும் கக்கூஸ்தான், காலை மடக்கவே முடியாது. பெட்பேனில் போக மனசு வராது. வலி மாத்திரையால் மலச்சிக்கல், எழுந்து போகவேண்டுமே என்ற பயத்தில் தண்ணீர் குடிக்கவும் தயக்கம், ரெண்டும் சேர்ந்து படுத்தியபாட்டில் கால்வலியே தேவலை என்றிருந்தது. எதிர்வீட்டு ஐயா, தன் அம்மா தவறிய பிறகு பரணில் போட்டிருந்த கமோடு சேரை இறக்கிக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார். பட்டறைத் தம்பி பாத்ரூம் சுவரில் கைப்பிடி பைப் அடித்துவிட்டுக் கூலி வாங்காமல் போனான். அன்றைக்குத்தான் கதவைச் சாத்திக்கொண்டு நானே குளித்தேன். அந்தச் சந்தோஷம் கட்டுப் பிரித்த அன்றுகூட இல்லை.

அரசாங்கத்தின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்த பிசியோதெரபி பொண்ணுக்குத் தனியாக நன்றி. ஊன்றுகட்டையை அக்குளில் முட்டுக்கொடுத்து நடந்தால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும், அக்குளுக்குக் கீழே ரெண்டு மூணு விரல் இடம் விட்டு உள்ளங்கையில் பாரம் கொடுக்கணும் என்று உயரத்தைச் சரிபண்ணிக் கொடுத்தது அவள்தான். படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அடிபட்ட கால் முன்னே. ஒரு மாதிரியாகத் தாளம் போட்டுச் சொல்வாள், தூக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கும்.

அத்தை, நீங்கள் பிரண்டைத் துவையலும் ஆட்டுக்கால் சூப்புமாக ஊட்டியதற்கு நன்றி. அதைவிட, "எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான் ஆச்சு, கடைசிவரைக்கும் நடக்கவே இல்ல" என்று ஆரம்பித்தவர்களைக் காப்பி கொடுத்து வாசலோடு அனுப்பினீர்களே, அதற்கு இன்னும் ரெண்டு மடங்கு.

என் தையல் வாடிக்கையாளர்களே, மெஷினை மிதிக்க முடியாது என்று தெரிந்தும் கொக்கி வைக்க, புடவை ஓரம் அடிக்க என்று கட்டிலுக்கே துணி கொடுத்தனுப்பினீர்கள். காசு பெரிசில்லை. சாயங்காலம் யாராவது வந்து "முடிஞ்சிடுச்சாக்கா?" என்று அதட்டிக் கேட்க, "நாளைக்கு வா" என்று நான் பதிலுக்கு அதட்ட, நோயாளி என்பதே மறந்துபோகும்.

கமோடு சேரை ஐயா திரும்ப வாங்க மறுத்துவிட்டார். வாக்கரும் இருக்கிறது. தேவைப்பட்டால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், வாடகை கிடையாது. வாக்கரில் ஒரு பக்க ரப்பர் மட்டும் தேய்ந்திருக்கிறது, புதுசு மாட்டிவிட்டு உபயோகியுங்கள்.

அன்புடன்,
உங்கள் தையல்கார அக்கா
காரைக்குடி