ஒரு மாதம் பிரிக்காமல் வைத்திருக்கிறவருக்கும், உங்கள் எல்லோருக்கும் நன்றி

பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் இருக்கிற எல்லோருக்கும், வேலையைப் போட்டுவிட்டு வந்து கூட நின்ற உறவுக்காரர்களுக்கும், தினமும் போனில் பேசித் தெம்பு கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

பிரான்சுக்குக் குடிபோகிற எங்கள் வீட்டுச் சாமானோடு இன்று மதியம் லாரி சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டது. வீட்டில் மிச்சம் இருப்பது ஒரு பாய், ஒரு மின்விசிறி, கையோடு எடுத்துப்போகிற பெட்டிகள். பெட்டிக்கு 23 கிலோ என்ற கணக்குக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. தூக்கம் வரவில்லை, அதனால் எழுத உட்கார்ந்தேன். இத்தனை அவசரமாக ஏன் கிளம்ப வேண்டியதாயிற்று, முதலில் பேசி வைத்திருந்த பேக்கர்ஸ்காரர்கள் கடைசி நேரத்தில் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. ஒருவழியாக முடிந்தது. நன்றி சொல்வதுதான் பாக்கி.

முதலில் பழைய சாமான் கடை அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தன் பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். தெருக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

கப்பலில் எங்களுக்குக் கிடைத்த இடம் இரண்டு கன மீட்டர். தாத்தா காலத்திலிருந்து புழங்கிய வீடு அதற்குள் போக வேண்டும். பீரோவும் கட்டிலும் போவதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. சமையல்கட்டுப் பரண்தான் என்னை உலுக்கிவிட்டது. அம்மா கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்கள், எனக்கு வந்தவை, பாட்டி பெயர் வெட்டிய தூக்குகள், ஈயம் போன பித்தளை அண்டா, மூடி இல்லாத சம்படங்கள், சம்படம் இல்லாத மூடிகள். "அங்கே லா சப்பேலில் எல்லாம் கிடைக்கும், எதுக்குச் சுமக்கிறே" என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த அந்தப் பகுதிக்குப் போனால் இட்லிக் குண்டான் முதல் இடியாப்ப உழக்கு வரை கிடைக்கிறது. ஆனால் கையில் எடுத்த எதையும் கீழே வைக்க முடியவில்லை. வைத்ததை மறுபடி எடுத்தேன். அப்படியே பொழுது போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் மூன்று சக்கர வண்டியோடு வந்தார். சாக்குகளைக் கட்டி, தராசில் தொங்கவிட்டு, பித்தளை இவ்வளவு, எவர்சில்வர் இவ்வளவு, அலுமினியம் இவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லி, அன்றைய விலைப்படி மொத்தப் பணத்தையும் கையில் எண்ணி வைத்தார். பேரம் இல்லை. பித்தளைக் குவியலிலிருந்து ஒரு பானையை மட்டும் வெளியே எடுத்து விரலால் சுண்டினார். ஓசை நின்று கேட்டது. "தங்கச்சி, இது பித்தளை இல்ல, வெண்கலம். எங்கிட்டப் போடாதீங்க, உலைக்குத்தான் போகும். பொங்கல் வைக்கிற வீடா பார்த்துக் குடுங்க" என்றார். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது, வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது, விலையும் கூட. அவர் பேசாமல் பித்தளைக் கணக்கில் எடுத்துப் போயிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அந்தப் பானை இப்போது எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கிறது.

அப்புறம் ஒன்று செய்தார். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து ஒவ்வொரு சாக்கின் மேலும் எங்கள் கதவு எண்ணை எழுதினார். எதற்கு அண்ணே என்று கேட்டேன்.

"வெளிநாடு போற வீட்டுச் சாமான ஒரு மாசம் நான் பிரிக்க மாட்டேன் தங்கச்சி. உள்ளறையில தனியா வெச்சிருப்பேன். ஏதாவது வேணும்னு தோணுச்சுன்னா வந்து எடுத்துக்குங்க. நான் குடுத்த விலையத் திருப்பிக் குடுத்தாப் போதும்."

வெளிநாடு போகிறவர்கள் பாண்டிச்சேரிக்குப் புதிதில்லை. என் தாத்தாவும் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாயாக இருந்தவர்தான். 1962ல் பாண்டிச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்படி எழுதிக் கொடுத்த குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் காலி செய்த வீடுகளின் சாமான்கள் இந்த மாதிரிக் கடைகளுக்குத்தான் வந்து சேர்ந்தன. அண்ணன் அதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறார். ஒரு தடவை ஒரு பெண், சாமான் போட்ட மறுநாளே ஓடி வந்து ஒரு டபராவைக் கேட்டாளாம். அதற்குள் லோடு போய்விட்டது. "அந்தப் பொண்ணு அழுத அழுகை இன்னும் காதுல இருக்கு" என்றார். அன்றிலிருந்து இந்த ஒரு மாத வழக்கம். உலோக விலை ஏறும் இறங்கும், கடையில் இடமும் குறைவு, போட்ட பணம் ஒரு மாதம் முடங்கிக் கிடக்கும். அதையெல்லாம் அவர் ஒரு பேச்சாகவே எடுக்கவில்லை.

நானும் ஒருநாள் சாயங்காலம் போனேன். எதற்கு வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு, உள்ளறை விளக்கைப் போட்டு, சாக்கை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன், பார்த்தேன், திரும்ப உள்ளே வைத்தேன். வீட்டில் கீழே வைக்க முடியாத அதே பாத்திரங்களை அங்கே வைக்க முடிந்தது. இன்னும் நாள் இருக்கிறது, வேண்டுமானால் நாளைக்கும் வரலாம் என்று தெரிந்ததால்தான் அது முடிந்தது என்று நினைக்கிறேன். யாரும் கையிலிருந்து பிடுங்கவில்லை, நானாகக் கொடுத்தேன். கடைசியில் அம்மாவின் பித்தளை முறுக்கு அச்சை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதற்குள் தேன்குழல் வில்லை ஒன்று அப்படியே இருந்தது. அண்ணன் அதை எடை போட்டு, அதே விலைக்குப் பணம் வாங்கிக்கொண்டார். சும்மா எடுத்துப் போ என்று சொல்லியிருந்தால் எனக்குக் கூசியிருக்கும். மறுபடி அவர் கடை வாசலை மிதித்திருக்க மாட்டேன். அந்த மரியாதையைத்தான் என்னால் மறக்க முடியாது.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து மிச்சப் பரணையும் காலி செய்தேன். அடுத்த நாள் புத்தக அலமாரி, அதற்கடுத்து புடவை டிரங்குப் பெட்டி. கை நடுங்கவில்லை. நான் கிளம்புவேன் என்று எனக்கே நம்பிக்கை வந்தது அந்த முக்காலியில் உட்கார்ந்த பிறகுதான்.

மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குடிபெயர்ந்து போகிறவர்கள் வரியில்லாமல் வீட்டுச் சாமானை இறக்க வேண்டுமென்றால், பிரெஞ்சுச் சுங்கத்துக்கு ஒவ்வொரு பொருளையும் மதிப்போடு எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்ட பட்டியல் வேண்டும். அவை குறைந்தது ஆறு மாதம் நாம் புழங்கியவையாக இருக்க வேண்டும், போன பிறகு ஓராண்டுக்குள் விற்கவும் கூடாது. அந்தப் பட்டியலை முழுக்க பிரெஞ்சில் எழுதித் தந்தவர் எங்கள் பிரெஞ்சு வாத்தியார். கண் புரையோடு, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு எழுதினார். முறுக்கு அச்சுக்கு என்ன மதிப்புப் போடுவது என்று நான் தயங்கியபோது, "ஐந்து யூரோ போடம்மா, உனக்கு அது எவ்வளவு என்று அவர்கள் கேட்கவில்லை" என்று அவர் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது.

பாட்டியின் பாட்டி காலத்துக் குத்துவிளக்கைப் பெட்டியில் வைக்கப்போன நேரத்தில் தடுத்தவர் வில்லியனூர் சித்தப்பா. நூறு ஆண்டு தாண்டிய கைவினைப் பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோக 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தனியாரை அனுமதிப்பதில்லை. விளக்கு இப்போது சித்தி வீட்டு சாமி அறையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை தோறும் எரிகிறது. அது எரிகிற இடத்தில் இருப்பதுதான் எனக்கும் நிம்மதி. பண்ருட்டி கொலு பொம்மைகளை மாடி வீட்டுப் பெண் வைக்கோலும் பழைய வேட்டியும் சுற்றி ஒன்றுகூட உடையாமல் எடுத்துப் போனாள். செட்டியார் கடை போட்டிருக்கிற பொம்மையின் மூக்கு ஏற்கெனவே உடைந்ததுதான், கவலைப்படாதே கண்ணு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் நனைந்து ஒட்டிப்போன ஆல்பத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, படம் படமாகப் பிரித்து உலர்த்தி, ஸ்கேன் செய்து கொடுத்த ஸ்டூடியோ தம்பிக்கும், பேக்கர்ஸ்காரர்கள் வராத அன்று அட்டைப்பெட்டியும் ஒட்டு டேப்பும் வாங்கிவந்து விடிய விடியக் கட்டிய பிள்ளைகளுக்கும், அவர்களுக்கு வேளை தவறாமல் சோறு போட்ட மூலை வீட்டு அத்தைக்கும் எப்படிக் கைம்மாறு செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை. நெய்யும் பால்கோவாவும் கொண்டுவந்து கொடுத்தவர்களே, இந்தியாவிலிருந்து இந்த மாதிரிப் பால் பொருட்களைப் பையில் வைத்து பிரான்சுக்குள் கொண்டுபோக முடியாது. எல்லாவற்றையும் அந்தப் பிள்ளைகள்தான் சாப்பிட்டார்கள். ருசித்துச் சாப்பிட்டார்கள்.

தாத்தா 1962ல் எழுதிக் கொடுத்ததன் நகல் என் கைப்பையில் இருக்கிறது. ஒரே ஒரு தாள். அதை அவர் எழுதியபோது பாட்டி எதையெல்லாம் பரணில் ஏற்றினாள், யாரிடம் எதைக் கொடுத்தாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் உங்கள் உதவியை இப்படி ஒவ்வொன்றாக எழுதி வைக்கிறேன்.

நான் போகிற இடத்தில் சின்னதாக ஒரு நிலவறை தருவார்கள் என்கிறாள் மகள். அங்கிருந்து ஊர் திரும்புகிற நம்மவர்கள், பெரியவர்களை இழந்து வீட்டை ஒழிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் சரி, அவர்கள் சாமான் ஒரு மாதம் அந்த அறையில் இருக்கலாம். கதவு எண் எழுதி, பிரிக்காமல் வைத்திருப்பேன். இது நான் அண்ணனுக்குக் கொடுக்கிற வாக்கு. இந்த மடலைப் படித்துக் காட்டுவதாக அவர் மகள் சொல்லியிருக்கிறாள்.

கடைசியாக, சொந்தக்காரர்களுக்கு ஒரு சேதி. சாக்குகள் இன்னும் அவர் உள்ளறையில்தான் இருக்கின்றன. பெரியம்மா தூக்கு வேண்டும், அத்தை பெயர் வெட்டின தட்டு வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால், ஆடி முடிவதற்குள் போங்கள். எங்கள் கதவு எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார். எடைக்கு என்ன சொல்கிறாரோ அதைக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். போகும்போது அவருக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுங்கள், சர்க்கரை இல்லாமல்.