பொன்னாடை வாங்காதவர்களுக்கு

நம் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு இந்த மழைக்காலத்தில் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

மேடை நன்றியுரையில் யார் யார் பெயர் வரும் என்பது உங்களுக்கே தெரியும். சிறப்பு விருந்தினர், ஊராட்சித் தலைவர், நன்கொடை கொடுத்தவர், கடைசியாக மைக்செட்காரர். அதற்குள் நாட்டுப்பண் வந்துவிடும். ஆனால் காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளிலிருந்து கார்த்திகை பிறந்த இந்த வாரம் வரை இங்கே நடந்த வேலைகளில் பாதிக்கு மேல் அந்தப் பட்டியலில் இல்லாதவர்கள் செய்தது. பட்டியலில் இருக்கிறவர்களுக்கும் நன்றிதான், அவர்களுக்குப் பொன்னாடை போட்டாயிற்று. மிச்சம் இருக்கிறவர்களுக்கு எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. போட்டால் எப்படியும் இரண்டு பேர் விட்டுப்போவார்கள், அப்புறம் அந்த இரண்டு வீட்டைத் தாண்டி நான் தினமும் ஸ்கூட்டியில் போகவேண்டும். செய்த வேலையைச் சொன்னாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும்.

முதலில் மைதானத்துத் தண்ணீர். ஐப்பசியில் மன்னார்குடிப் பக்கம் எப்படி இருக்கும் என்பது வெளியூரில் இருக்கிற பழைய மாணவர்களுக்கு மறந்திருக்கலாம். அறுத்த குறுவை நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டி, படுதா போட்டு மூடி, ராத்திரியெல்லாம் காவல் இருப்பவர்கள் ஒரு பக்கம். நட்ட சம்பா முழுகிவிடுமோ என்று மண்வெட்டியோடு வரப்பில் நிற்பவர்கள் இன்னொரு பக்கம். அந்த நேரத்தில் போய்ப் பள்ளிக்கூடத்தில் முழங்கால் தண்ணீர் என்று சொன்னால் யார் காதில் ஏறும்? ரோடு ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்கிறது, பள்ளிக்கூடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, பின்பக்க வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. மனு கொடுத்திருந்தோம். அது இன்னும் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருக்கிறது.

யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தோம். கீழத்தெரு அண்ணன்கள் ஆயில் இன்ஜினைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்கள். ஓட்டப் போகிற நேரத்தில் பக்கத்து வயல்காரப் பெரியவர் வந்து மறித்தார். "டீச்சர், இதை இறைச்சு வெளியில விட்டீங்கன்னா நேரா என் ரெண்டு மா நடவுலதான் போயி நிக்கும். மொதல்ல வாய்க்காலைத் தொறங்க, அப்புறம் இன்ஜினைப் போடுங்க." கோபமாகத்தான் சொன்னார். சொன்னதில் தப்பே இல்லை. அதைவிட, சொல்லிவிட்டுப் போகாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆகாயத்தாமரையை இழுத்துப் போட முதல் ஆளாக இறங்கியவரும் அவர்தான். அதைப் பார்த்துவிட்டு, வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஜேசிபி தம்பி வண்டியைத் திருப்பினார். டீசலுக்காவது காசு வாங்கிக்கொள் என்றால் டீ போதும் என்றார். மறுநாள் சாயங்காலம் மைதானத்தில் சேறுதான் இருந்தது, தண்ணீர் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் அந்தச் சேற்றிலேயே கபடி ஆடினார்கள், அதைத் தடுக்க யாராலும் முடியவில்லை.

மழை விடுமுறை. ஆட்சியர் அறிவிப்பு டிவியில் ஓடினால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் விட்ட நாளைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டும்போது பத்தாம் வகுப்புக்காரர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும். அந்தச் சனிக்கிழமைகளில் ஆற்றங்கரைத் திருப்பத்தில் பிள்ளைகள் ஓடி வருவது தெரிந்தால் விசில் அடிக்காமல் நிறுத்தி ஏற்றிக்கொண்ட டவுன் பஸ் கண்டக்டர் அண்ணனுக்கும், அவர் சொல்வதற்கு முன்பே பிரேக் போட்ட டிரைவருக்கும் நன்றி. மூடின கதவுக்கு வெளியே மழையில் நின்றவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இது பலர் கவனிக்காத ஒன்று. அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது, நல்ல திட்டம், ஆனால் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. எங்கள் பள்ளியில் ஆறிலிருந்து பத்து. சத்துணவு உண்டு, அது மதியம்தான். போன வருஷம் வரைக்கும் தொடக்கப் பள்ளியில் காலையில் சூடாகப் பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டுப் பழகின பிள்ளை, ஆறாம் வகுப்புக்கு வந்ததும் வெறும் வயிற்றோடு முதல் பீரியடில் உட்கார்ந்திருக்கிறது. நடவுக்குப் போகிற அம்மா விடிவதற்குள் கிளம்பவேண்டும், அவரைக் குறை சொல்ல முடியாது. சத்துணவு அமைப்பாளர் அக்கா இதைப் பேச்சுவாக்கில் ஒருநாள் மகளிர் குழுக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரத்திலிருந்து குழுவிலிருந்து இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டு, கேழ்வரகுக் கஞ்சியோ சுண்டலோ அண்டாவில் கொண்டுவந்து வைக்கிறார்கள். காலையில் வருகிறவர்களுக்கும் உண்டு, மாலைச் சிறப்பு வகுப்பில் இருக்கிறவர்களுக்கும் உண்டு. யாரும் ரசீது கேட்கவில்லை, போட்டோவும் எடுக்கவில்லை. அந்த அக்காக்களுக்கு நான் என்ன எழுதினாலும் குறைவுதான். ஒன்று மட்டும் சொல்கிறேன், முதல் பீரியட் எடுக்கிற கணக்கு சாருக்கு வித்தியாசம் தெரிகிறதாம்.

மாலை வகுப்பு என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவித்தொகைக்கான என்எம்எம்எஸ் தேர்வு இருக்கிறது. தேர்ச்சி பெற்று உதவித்தொகைக்குத் தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு வருஷத்துக்குக் கூட்டினால் 48,000. வயல் வேலைக் கூலியில் ஓடுகிற வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை. இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்வி. பாடத் தாளை நாங்கள் பார்த்துக்கொள்வோம், மனத்திறன் தாள்தான் பிள்ளைகளை மிரட்டும். எண் தொடர், கண்ணாடிப் பிம்பம், விட்டுப்போன படம், இதெல்லாம் பழக்கத்தில்தான் வரும். நம் பள்ளியில் படித்து இப்போது பி.எஸ்சி. கணிதம் படிக்கிற பெண், கல்லூரி விட்டு வந்து வீட்டுக்குப் போவதற்கு முன் ஒரு மணிநேரம் இதை எடுக்கிறார். நாங்கள் கேட்கவில்லை, அவராக வந்தார். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் அவருக்கு வருகிற மாதம் ஆயிரத்திலிருந்து மாதிரி வினாத்தாளுக்கு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதைத் திருப்பிக் கொடுக்க நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! கடைசியில் ஜெராக்ஸ் கடைக்காரர், இனிமேல் பள்ளிக்கூடத்துத் தாளுக்குப் பேப்பர் காசு மட்டும் போதும் என்று சொல்லிப் பஞ்சாயத்தை முடித்துவைத்தார். இருவருக்கும் நன்றி.

அரசுப் பள்ளிகளுக்கு இடையே நடக்கிற கலைத் திருவிழாவுக்கு வருகிறேன். களிமண் வேலைப்பாட்டுக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகள் கடையில் விற்கிற கலர் களிமண்ணைத்தான் தொட்டிருக்கிறார்கள். குளத்து மண்ணை எடுத்துச் செய்ததெல்லாம் காய்ந்ததும் வெடித்துப்போனது. வேளார் தெருத் தாத்தா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மண்ணைச் சலித்து, கொஞ்சம் மணல் சேர்த்து, காலால் மிதித்துக் காற்றை எடுக்கச் சொன்னார். மிதிக்கிற வேலைக்கு வகுப்பே திரண்டு வந்தது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. தாத்தாவுக்குக் கார்த்திகை தீபத்துக்கு அகல் விளக்கு போடுகிற நேரம், ஈரக் காற்றில் விளக்கு காயாமல் தவித்துக்கொண்டிருந்தார், அப்படியிருந்தும் மாலையில் வந்தார். அவரிடம் கற்றுக்கொண்ட ஏழாம் வகுப்புப் பெண் ஒரு தலையாட்டி பொம்மை செய்து மாவட்டப் போட்டி வரை போய் வந்திருக்கிறாள்.

பறைப் போட்டியில் நாங்கள் வட்டாரத்தைத் தாண்டவில்லை. ஆனால் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒவ்வொரு மழை நாளிலும் காய்ந்த வைக்கோல் ஒரு கட்டு கையோடு கொண்டுவருவார், ஈரத்தில் தோல் தளர்ந்தால் சத்தம் செத்துப்போகும், தீயில் காட்டினால்தான் மறுபடி இறுகும். தோல் சூடேறுவதற்குள் அதில் இருக்கிற அறிவியலைப் பிள்ளைகளிடமே கேட்டுவிடுவேன், எனக்கு அன்றைய பாடமும் முடிந்துவிடும். எங்கள் பையன் பறை அடிக்கவேண்டுமா என்று ஆரம்பத்தில் முகம் சுளித்த ஒன்றிரண்டு வீட்டார் போட்டி அன்று முன்னால் நின்று கைதட்டினார்கள். அவர்களுக்கும் நன்றி, உண்மையாகவே.

அக்டோபர் 15 கலாம் பிறந்தநாள், குழந்தைகள் தினம் இரண்டும் வழக்கம்போல நடந்தன, மிட்டாய் கொடுத்த மளிகைக் கடைக்காரருக்கு நன்றி. பனை விதை ஊன்றியது அப்படிச் சட்டென்று தாண்டிப்போகிற விஷயம் இல்லை. தேசியப் பசுமைப் படைப் பிள்ளைகள் பாமணி ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் ஊன்றியிருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இவர்களில் பலர் ஒன்றாவது இரண்டாவது படித்துக்கொண்டிருந்தார்கள், தென்னை சாய்ந்து பனை நின்ற கதையை வீட்டில் கேட்டே வளர்ந்தவர்கள். விதை பொறுக்கிக் கொடுத்த ஆடு மேய்க்கிற பெரியம்மாவுக்கு நன்றி, எந்த மரத்தடியில் நல்ல பழம் விழும் என்பதை அவரைத் தவிர யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. பனை முதலில் கீழேதான் போகும், மேலே இலை தெரிய மாதக்கணக்காகும். முளைக்கவில்லை என்று நினைத்துத் தயவுசெய்து யாரும் தோண்டிப் பார்க்காதீர்கள். கிழங்கு ஆசையில் தோண்டுகிறவர்களுக்கும் இதே வேண்டுகோள்தான்.

இப்போது மாட்டு வண்டி. 1931 அக்டோபரில் மன்னார்குடி பக்கத்து மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை புத்தகங்களை மாட்டு வண்டியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார், அதைத் தொடங்கிவைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். இந்திய நூலகவியலின் தந்தை என்று பொது அறிவுப் புத்தகத்தில் வருகிறவர், சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் வருவதற்குப் பின்னால் இருந்தவர். இவ்வளவும் கூப்பிடு தூரத்தில் நடந்திருக்கிறது, நம் பிள்ளைகளுக்கு ஒருவருக்கும் தெரியவில்லை. நவம்பர் 14-இல் ஆரம்பிக்கிற நூலக வாரத்துக்குப் பேச்சுப் போட்டி வைப்பதா என்று பேசிக்கொண்டிருந்தபோது, பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், எங்கள் தெருவில் ஒரு வண்டி இன்னும் ஓடுகிறது சார் என்றான். அவ்வளவுதான்.

வண்டிக்காரத் தாத்தா மாட்டைக் குளிப்பாட்டி, சலங்கை கட்டி, வாடகை எதுவும் வாங்காமல் வந்து நின்றார். ஊர்ப்புற நூலகர் இரண்டு தகரப் பெட்டி நிறையப் புத்தகம் கொடுத்தார், எங்கள் அலமாரியில் சும்மா கிடந்ததையும் சேர்த்தோம். மழை விட்ட சாயங்காலங்களில் தெருத் தெருவாகப் போனோம். சின்னப் பிள்ளைகள் புத்தகத்தைவிட மாட்டைத்தான் பார்த்தார்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் மாட்டுக்காக வந்தவர்களில் நிறையப் பேர் கையில் ஏதோ ஒன்றோடுதான் திரும்பினார்கள். வடக்குத்தெருப் பாட்டி பாம்புப் பஞ்சாங்கம் இருக்கிறதா என்று கேட்டார், இல்லை. மறுமுறை போனபோது ஆறாம் வகுப்புப் பெண் தன் வீட்டிலிருந்து எடுத்துவந்து பெட்டியில் வைத்திருந்தாள். நடவு முடித்து வந்த அக்காக்கள் சமையல் புத்தகமும் தையல் புத்தகமும் எடுத்துக்கொண்டார்கள், ஒருவர் மட்டும் நிலப் பட்டா சம்பந்தமாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. அடுத்த சுற்றுக்குத் தேடி வைக்கிறேன் என்று நூலகர் சொல்லியிருக்கிறார்.

ஓட்டுக் கட்டடத்தில் உடைந்த ஓடுகளை மாற்றப் பணம் அனுப்பிய சிங்கப்பூர், துபாய், திருப்பூர்ப் பழைய மாணவர்களுக்கு நன்றி. கணக்கை அலுவலக அறை வாசலில் ஒட்டியிருக்கிறோம், ஊருக்கு வந்தால் பாருங்கள். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். அதற்கு முன் பணத்தைவிட நேரம்தான் எங்களுக்கு அவசரம்: ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க மாலையில் ஒரு மணிநேரம் வரக்கூடியவர் யாராவது இருந்தால் தலைமையாசிரியரைப் பாருங்கள். டீயும் சுண்டலும் உண்டு.

கடைசியாக, இரவல் வாங்கிய சாமான்கள். ஆயில் இன்ஜினும் ஹோஸ் பைப்பும் திருப்பிக் கொடுத்தாயிற்று. மண்வெட்டி நாலில் ஒன்றுக்குக் காம்பு மாற்றியிருக்கிறோம். விளிம்பில் 'செ' என்று வெட்டியிருக்கிற பித்தளை அண்டா யாருடையது என்று மகளிர் குழுவுக்கே தெரியவில்லை, சத்துணவுக் கூடத்தில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியில் எடுத்துப்போன புத்தகங்களில் இரண்டு இன்னும் வரவில்லை. படித்து முடித்துவிட்டுக் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்